எடின்பரோ: பேய் காட்டும் ஊர்

நம்ம ஊர்ல பேய் வந்தா வேப்பிலை அடிச்சு விரட்டுவாங்க. காசு வாங்கிக்கிட்டுப் பேய் காட்டுற ஊர் ஒண்ணு இருக்கு தெரியுமா? ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ. (எழுத்துல பார்த்தா 'எடின்பர்க்', அந்த ஊர்க்காரங்க வாயில 'எடின்பரா'. நான் நடுவுல நின்னு எடின்பரோன்னு எழுதிக்கறேன்.)

பொழுது சாஞ்சா போதும். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துப் பக்கத்துல கறுப்பு அங்கி போட்ட கைடுகள் வந்து நின்னுடுவாங்க. ஆளுக்கு இருபது முப்பது பேரைச் சேர்த்துக்கிட்டு சந்து, சுரங்கம், கல்லறைன்னு ரெண்டு மணி நேரம் நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. அக்டோபர் கடைசியில ஹாலோவீன் சமயத்துல நாங்க போயிருந்தோம். டிக்கெட் கிடைச்சதே பெரிய விஷயம்.

"ஏங்க, நம்ம ஊர்ல சுடுகாட்டுப் பக்கம் பகல்லயே போகமாட்டீங்க. இங்க வந்து காசு குடுத்து ராத்திரியில போகணும்ங்கறீங்களே" என்றார் தங்கமணி. நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் நடையைக் கட்டினேன் :-)

பேய் பயம் அன்னிக்கு ராத்திரியே தெளிஞ்சுடுச்சு. ஆனா கேட்ட கதைகளுக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றை ஊருக்கு வந்து தேடிப் படிச்சப்போதான் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சது. இந்த ஊர்ல பேயா உலவுறவங்க யார், உலவ இடம் கிடைக்காதவங்க யார்? நடந்த வழியிலேயே ஒவ்வொண்ணா சொல்றேன், கூடவே வாங்க.

மீன் முள்ளு மாதிரி ஒரு ஊர்

முதல்ல ஊரோட அமைப்பு தெரியணும். மேற்கே அணைந்துபோன எரிமலைப் பாறை, அதன் மேல கோட்டை. கிழக்கே ஹோலிரூட் அரண்மனை. ரெண்டுக்கும் நடுவுல மலை முதுகு மேல ஓடுற தெருதான் ராயல் மைல். அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் மீன் முள்ளு மாதிரி குறுகலான சந்துகள் இறங்கும். அதுக்கு இங்க 'க்ளோஸ்'னு பேர்.

1513ல் ஃப்ளாடன் என்ற இடத்துல இங்கிலாந்துப் படைகிட்ட பெரிய தோல்வி. அடுத்து ஊருக்குள்ள வந்துடுவாங்களோன்னு பயந்து சுற்றுச்சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. ஜனம் பெருகினாலும் ஊர் பக்கவாட்டில் விரிய வழியில்லாம மேலே மேலே வளர்ந்தது. மாடி மேல மாடி. பணக்காரன் நடு மாடியில், ஏழை தரைத்தளத்திலும் உச்சி மாடியிலும். படிக்கட்டு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. கழிவுநீரை ஜன்னல் வழியாவே தெருவுல கொட்டுவாங்க. கொட்டும் முன் "கார்டிலூ!"ன்னு ஒரு சத்தம். தண்ணி வருது, ஒதுங்கிக்கோன்னு அர்த்தம். காது கேட்காதவர் கதி அதோகதிதான்.

1767ல் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் 'நியூ டவுன்' என்ற புது நகரத்துக்கான திட்டம் தயாராச்சு. வசதி உள்ளவங்க ஒவ்வொருத்தரா அங்க போயிட்டாங்க. பழைய ஊர் ஏழைகள் கையில் விடப்பட்டது. அன்னிக்கு நாங்க கேட்ட பேய்க்கதைகளில் பாதிக்கு மேல ஏழைகளிடம் விடப்பட்ட இந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான்.

தெருவுக்கு அடியில் தெரு

செயின்ட் ஜைல்ஸுக்கு எதிரே சிட்டி சேம்பர்ஸ் இருக்கு. நம்ம மாநகராட்சிக் கட்டடம் மாதிரி. 1753ல் வியாபாரிகளுக்கான மண்டபமாகத்தான் இதைக் கட்ட ஆரம்பிச்சாங்க. அங்கே ஏற்கனவே இருந்த சந்துகளின் மேல் மாடிகளை இடிச்சுட்டு, கீழ் மாடிகளை அப்படியே அஸ்திவாரமா வச்சு எழுப்பிட்டாங்க. அதனால கட்டடத்துக்கு அடியில வீடு, வாசல், தெருவோட ஒரு பழைய சந்து புதைஞ்சு கிடக்கு. பேர் மேரி கிங்ஸ் க்ளோஸ். மேரி கிங் 1630களில் அங்கே வாழ்ந்த நிஜ மனுஷி, துணி வியாபாரம் செய்த விதவை. 2003லேர்ந்து உள்ளே போய்ப் பார்க்கலாம், அதுக்குத் தனி டிக்கெட்.

எங்க கைடு (நாடகம் படிக்கிற பொண்ணாம், குரலே பாதி வேலையைச் செஞ்சுடுது) அந்தக் கட்டடத்தைக் காட்டிக் கதையை ஆரம்பிச்சது. 1645ல் ஊருக்குள்ள பிளேக் புகுந்தது. நோய் பரவாம இருக்க இந்தச் சந்தின் ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பி, உள்ளே இருந்தவங்களை உயிரோட அடைச்சுட்டாங்க. அவங்க கதறல் இன்னும் கேட்குதாம். கேட்டப்போ எனக்கும் முதுகு சில்லுன்னுதான் இருந்தது.

ஆனா அப்படி ஒரு சுவர் எழுப்பினதுக்கு ஆதாரமே இல்லை. நடந்தது வேற. நோய் வந்த வீட்டுக்கு வெளியே அடையாளமா ஒரு வெள்ளைத் துணி. வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னவங்களுக்கு ரொட்டியும் பீரும் ஊர்ச் செலவில் போய்ச் சேர்ந்தது. மத்தவங்களை ஊருக்கு வெளியே குடிசை போட்டு அங்கே கொண்டுபோனாங்க. 2020ஐப் பார்த்த நமக்கு இதெல்லாம் புரியவைக்கத் தேவையே இல்லை.

பிளேக் வைத்தியரா முதல்ல போட்ட ஆள் கொஞ்ச நாளிலேயே அதே நோயில் போயிட்டார். அடுத்து வந்தவர் ஜார்ஜ் ரே. சம்பளத்தை ஏத்தி மாசம் நூறு ஸ்காட்டிஷ் பவுண்ட் தர்றதா ஒப்பந்தம். தலை முதல் கால் வரை தோல் அங்கி, முகத்துல பறவை மூக்கு மாதிரி முகமூடி, அதுக்குள்ள வாசனைப் பொருள்கள். கெட்ட காத்துதான் நோயைக் கொண்டுவருதுன்னு அப்போ நம்பிக்கை. உண்மையில் அவரைக் காப்பாத்தினது தோல் அங்கியாத்தான் இருக்கணும், தெள்ளுப்பூச்சி அதைக் கடிச்சுத் தாண்ட முடியாதே. ஆள் பிழைச்சுட்டார். இத்தனை சம்பளம் தர வேண்டியிருக்கும்னு ஊர்ப் பெரியவங்க எதிர்பார்க்கலையாம். மனுஷன் பாக்கிக்காக வருஷக்கணக்கில் அலைஞ்சார். பேய்க்கதையை விட இந்தக் கூலி பாக்கிக் கதைதான் எனக்கு நம்ம ஊர் மாதிரி இருந்தது.

பாலத்துக்கு அடியில்

அடுத்து சவுத் பிரிட்ஜ். மேல நடக்கும்போது பாலம்னே தெரியாது, ரெண்டு பக்கமும் கடைகள் உள்ள சாதாரணத் தெரு. 1788ல் திறந்தாங்க. மொத்தம் 19 வளைவுகள், வெளியே தெரியறது ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் இருபக்கக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைஞ்சுடுச்சு. அந்த வளைவுகளுக்கு உள்ளே தளம் போட்டு, தடுப்புச் சுவர் வச்சு அறைகளாக்கினாங்க. இதுதான் புகழ்பெற்ற 'வால்ட்ஸ்', நிலவறைகள்.

முதல்ல செருப்புத் தைக்கிறவங்க, சாராயக் கடை, சரக்குக் கிடங்கு எல்லாம் இருந்தது. பாலத்தின் தளத்துல தண்ணி இறங்காம பூசலை. மழை பெய்தா ஒழுகல். சரக்கு நனைஞ்சதும் வியாபாரிகள் கிளம்பிட்டாங்க. காலியான இடத்துக்கு வேற போக்கிடம் இல்லாத ஏழைகள் வந்தாங்க. ஜன்னல் கிடையாது, காத்து கிடையாது, குடிக்கத் தண்ணி கிடையாது. எரியற விளக்கோ மீன் எண்ணெய் விளக்கு. அப்புறம் மண்ணும் குப்பையும் போட்டு அறைகளை மூடிட்டாங்க, ஊரும் மறந்துடுச்சு. 1980களில் ஒரு முன்னாள் ரக்பி வீரர் கண்டுபிடிச்சு மறுபடி தோண்டினார். தோண்டத் தோண்ட சிப்பி ஓடு குவியலா வந்ததாம். அப்போ சிப்பிக்கறி ஏழைகள் சாப்பாடு. இப்போ அதே சிப்பியை நட்சத்திர ஓட்டல்ல தட்டுல ஆறு வச்சு சொத்தைக் கேட்பான்!

உள்ளே போனதும் கைடு டார்ச்சை அணைச்சது. அப்படி ஒரு இருட்டு. எங்கேயோ சொட்டு சொட்டுன்னு தண்ணி. பூட்ஸ் போட்ட ஒரு ஆவி இங்கே உலாவுதாம், பேரே 'மிஸ்டர் பூட்ஸ்'. அந்த நேரம் பார்த்து யாரோட செல்போனோ அதிர, ஒரு அம்மா போட்ட அலறலில் மிஸ்டர் பூட்ஸே ஓடியிருப்பார். தங்கமணி என் கையைப் பிடிச்ச பிடியில் ரெண்டு நாள் வலி.

ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் 2001ல் இங்கே ஒரு ஆய்வு செஞ்சார். இருநூறுக்கும் மேற்பட்டவங்களைப் பத்து அறைகளில் தனித்தனியா நிறுத்தி என்ன உணர்ந்தீங்கன்னு கேட்டார். 'பேய் உள்ள அறை'ன்னு பேர் வாங்கின அறைகளில்தான் அதிகம் பேர் ஏதோ உணர்ந்திருக்காங்க, முன்கூட்டியே அந்தப் பேச்சு தெரியாதவங்களும் சேர்த்து! ஆவி இருக்குன்னு முடிவு கட்டிடாதீங்க. அறையின் வெளிச்சம், உயரம் மாதிரி விஷயங்களோட அது பொருந்தி வந்தது. அதாவது சில இடங்கள் இயல்பாவே நம்மை நடுங்க வைக்கும். அந்த மாதிரி இடத்துல பத்து நிமிஷம் நிக்கவே நமக்கு இப்படி. குழந்தை குட்டியோட அங்கேயே படுத்து எழுந்தவங்களை நினைச்சுப் பாருங்க. மிஸ்டர் பூட்ஸ் கதை பத்து நிமிஷம் ஓடிச்சு. அவங்கள்ல ஒருத்தர் பேர்கூட வரலை.

கல்லறையில் ஒரு வக்கீல்

அங்கேயிருந்து இறங்கினா கிராஸ்மார்க்கெட். தூக்குமேடை இருந்த சந்தை. கர்ப்பத்தை மறைச்ச குற்றத்துக்காக மேகி டிக்சன் என்ற பெண்ணை 1724ல் இங்கே தூக்கிலிட்டாங்க. சவப்பெட்டியை ஊருக்குக் கொண்டுபோற வழியில் உள்ளேயிருந்து சத்தம். உயிர் போகலை! அதுக்கப்புறமும் பல வருஷம் வாழ்ந்துட்டுப் போனாள். 'பாதித் தூக்கு மேகி'ன்னு பட்டப்பேர், இப்போ அவள் பேர்ல அங்கேயே ஒரு மதுக்கடை.

அப்படியே மேட்டுல ஏறினா கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். வாசல்கிட்ட ஒரு நாய்க்குச் சிலை. பேர் பாபி. எஜமானன் ஜான் கிரே இறந்த பிறகு 14 வருஷம் அவர் கல்லறையை விட்டு நகரலைன்னு சொல்றாங்க. 1872ல் பாபி செத்ததும் அடுத்த வருஷமே சிலை. இன்னிக்கும் அதன் கல்லறைக் கல் மேல ஜனங்க குச்சி கொண்டுவந்து வைக்கறாங்க, விளையாடுறதுக்காம்.

உள்ளே, சாதாரணமா பூட்டியே இருக்கிற கம்பிக் கதவைக் கைடு திறந்து விட்டது. 'கவனன்டர் சிறை'. ராத்திரியின் உச்சக்கட்டமே இதுதான்.

தேவாலய விஷயத்துல ராஜா தலையிடக் கூடாதுன்னு உறுதிமொழி எழுதி 1638ல் இதே கிரேஃபிரையர்ஸில் கையெழுத்துப் போட்டாங்க. அந்த இயக்கத்துக்காரங்கதான் கவனன்டர்கள். 1679 ஜூன் மாசம் பாத்வெல் பாலத்துல நடந்த சண்டையில் தோத்துப் போனாங்க. பிடிபட்டவங்க சுமார் 1200 பேர். அத்தனை பேரையும் கல்லறைத் தோட்டத்தை ஒட்டின திறந்தவெளியில் அடைச்சாங்க. கூரை கிடையாது. ஒரு நாளைக்கு நாலு அவுன்ஸ் ரொட்டி. அதாவது நூத்திச் சொச்சம் கிராம். பலர் இனி ஆயுதம் எடுக்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டு வெளியே வந்தாங்க. சிலர் உள்ளேயே செத்தாங்க. நவம்பர் வரை மசியாம மிஞ்சினது 250 பேர் சொச்சம். அவங்களை அமெரிக்கத் தோட்டங்களில் வேலை செய்ய 'கிரவுன் ஆஃப் லண்டன்' கப்பலில் ஏத்தினாங்க. டிசம்பர் 10ஆம் தேதி ஆர்க்னி தீவுகள்கிட்ட புயலில் கப்பல் உடைஞ்சது. கைதிகள் இருந்த அடித்தளத்தின் மூடி மேலேயிருந்து அடைச்சுப் பூட்டியிருந்தது. பிழைச்சவங்க ஏறக்குறைய 50 பேர்.

அந்தக் காலத்துல அரசாங்கத் தலைமை வக்கீல் சர் ஜார்ஜ் மெக்கன்சி. கவனன்டர்களை வேட்டையாடினதால் 'ரத்த மெக்கன்சி'ன்னே பேர். 1691ல் இறந்தப்போ அவரைப் புதைச்ச இடம் இதே தோட்டத்துல. உருண்டைக் கூரை வச்ச பெரிய மண்டபம். இந்தச் சிறைன்னு காட்டுற இடத்துக்குக் கூப்பிடு தூரம்.

1990களின் கடைசியில், குளிருக்கு ஒதுங்க வீடில்லாத ஒருத்தர் அந்த மண்டபத்துக்குள்ள புகுந்து சவப்பெட்டிகள் மேல விழுந்தாராம். அன்னிலேர்ந்து மெக்கன்சி ஆவி கிளம்பிடுச்சுன்னு பேச்சு. 1999லேர்ந்து இங்கே பேய் நடை. மயங்கி விழுந்தவங்க, உடம்புல கீறலும் கன்னிப்போன தடமும் கண்டவங்கன்னு ஒரு பெரிய பட்டியலே கைடு கையில். எங்களுக்கு ஒரு கீறலும் விழலை. குளிரில் மூக்கு ஒழுகினதுதான் மிச்சம்.

படிச்சுப் பார்த்தா மெக்கன்சி ஒரு விசித்திரமான ஆள். ஸ்காட்லாந்துல சூனியக்காரின்னு குற்றம் சாட்டப்பட்டவங்க 3800க்கும் மேல, பெரும்பாலும் பெண்கள். சித்திரவதை செஞ்சு வாங்கின வாக்குமூலத்தை நம்பி இவங்களை எரிக்கிறது தப்புன்னு அந்தக் காலத்திலேயே எழுதின சட்ட அறிஞர் இதே மெக்கன்சி. (அரசாங்கத்தின் சார்பில் முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டது 2022ல்!) இன்றைய ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு மூலமான வக்கீல்கள் நூலகத்தை உருவாக்கினவரும் அவர்தான். இவ்வளவும் செஞ்ச மனுஷன்தான் அந்த 1200 பேர் விஷயத்துல கல்லாயிருந்தார்.

இன்னொண்ணு. சிறைன்னு இன்னிக்குக் காட்டுற சந்து, பழைய மைதானத்தின் ஒரு சின்னத் துண்டுதான். இப்போ அங்கே இருக்கிற கல்லறை மண்டபங்கள் எல்லாம் பின்னாடி, பதினெட்டாம் நூற்றாண்டுல கட்டினது. கைதிகள் படுத்த மண் பெரும்பாலும் வெளியே இருக்கு. ஆனா கதையில் ஆவியா வந்து எங்களைப் பயமுறுத்தினது அடைச்சு வச்சவர். அடைபட்டவங்க வெறும் எண்ணிக்கை.

நம்ம பக்கம் இது நேர்மாறு. அநியாயமா கொல்லப்பட்டவங்க நம்ம கிராமத்துல தெய்வமாயிடுவாங்க. மதுரை வீரனும் காத்தவராயனும் அப்படித்தான். கர்ப்பத்தோட செத்த பெண்ணுக்குக்கூட ஒரு சுமைதாங்கிக் கல் நட்டு வைக்கிற வழக்கம் உண்டு. கொன்னவன் பேர் பல சமயம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கல்லறை தோண்டாத இரண்டு பேர்

தோட்டத்துல ரெண்டு கல்லறைகள் மேல பெரிய இரும்புக் கூண்டு இருக்கு. செத்தவன் எழுந்து வராம இருக்கன்னு நினைப்பீங்க. இல்லை, உயிரோட இருக்கிறவன் உள்ளே போகாம இருக்க. பிணத் திருட்டு!

எடின்பரோ அப்போ மருத்துவப் படிப்புக்குப் பேர் போன இடம். உடற்கூறு படிக்கப் பிணம் வேணும். சட்டப்படி கிடைக்கிறது தூக்கிலிட்டவங்க உடல் மாதிரி சொற்பம்தான். அதனால ராத்திரியில் புதைகுழியைத் தோண்டி விக்கிற ஒரு தொழிலே இருந்தது. பர்க், ஹேர் என்ற ரெண்டு பேரைப் பலரும் அந்தக் கணக்குல சேர்த்துடறாங்க. அவங்க ஒரு குழியைக்கூடத் தோண்டினதில்லை.

கிராஸ்மார்க்கெட் பக்கம் வெஸ்ட் போர்ட்ல ஹேர் நடத்தின மலிவு விடுதி. 1827 கடைசியில் ஒரு கிழவர் 4 பவுண்ட் வாடகை பாக்கியோட செத்துப் போனார். கடனை ஈடுகட்ட உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸ்கிட்ட வித்தாங்க. கிடைச்சது ஏழரை பவுண்ட். ருசி கண்டுடுச்சு. அடுத்த வருஷம் அக்டோபருக்குள்ள 16 பேரைச் சாராயம் குடுத்து, மூச்சை அடைச்சுக் கொன்னு வித்தாங்க. எல்லாரும் ஏழைகள், பெரும்பாலும் பெண்கள். மேரி பாட்டர்சன் என்ற இளம்பெண். ஊரே அறிஞ்ச ஜேம்ஸ் வில்சன் என்ற வெகுளிப் பையன். அவனை மேஜையில் பார்த்ததும் மாணவர்களே அடையாளம் கண்டுட்டாங்க, நாக்ஸ் இல்லைன்னு சாதிச்சுட்டார்.

கடைசிக் கொலை 1828 அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி. மார்கரெட் டோகர்ட்டி என்ற அயர்லாந்துக்காரப் பெண். பர்க் வீட்டுல தங்கியிருந்த ஜேம்ஸ் கிரே, ஆன் கிரே தம்பதி மறுநாள் வைக்கோலுக்கு அடியில் உடலைப் பார்த்துட்டாங்க. வாயைத் திறக்காம இருந்தா வாரம் 10 பவுண்ட் கிடைக்கும்னு பர்க்கோட இருந்த பெண் சொன்னாள். அந்தக் குடும்பத்துக்கு அது கனவுல கூடப் பார்க்காத பணம். வேண்டாம்னு சொல்லிட்டு நேரா போலீஸுக்குப் போனாங்க.

ஹேர் அப்ரூவராகித் தப்பிச்சான். நாக்ஸ் மேல வழக்கே இல்லை. பர்க்கை 1829 ஜனவரி 28ல் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிட்டு, தீர்ப்பின்படி உடலை அறுத்தாங்க. எலும்புக்கூடு இன்னும் பல்கலைக்கழகத்துல இருக்கு. மறுநாள் காலையில் சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவன் தோலில் செஞ்ச ஒரு சின்னக் கையேடு அங்கே கண்ணாடிக்குள்ள. பழுப்பு நிறம், சட்டைப் பையில் அடங்குற அளவு. தங்கமணி ஒரு பார்வை பார்த்துட்டு வெளியே போயிட்டார்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் என்னை ரொம்ப உறுத்தினது. பிணத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1832ல் உடற்கூறுச் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, உரிமை கோர ஆள் இல்லாத உடல்களை அறுக்கக் கொடுக்கலாம். அதுவரைக்கும் அறுக்கப்படுறது கொலைகாரனுக்கு விதிச்ச தண்டனை. அதுக்கப்புறம் அது அனாதையா செத்த ஏழைக்கு. பர்க்கும் ஹேரும் எந்த ஜனங்களைத் தேடிப் பிடிச்சாங்களோ, அதே ஜனங்களைச் சட்டம் கொலை இல்லாம, முறைப்படி, ரசீதோட கொண்டு சேர்த்தது. மருத்துவம் வளர்ந்ததும் அதனாலதான். அதையும் மறுக்க முடியாது.

ரெண்டு மணி நேர நடையில் பர்க் பேர் எத்தனை தடவை வந்ததுன்னு எண்ணலை. நாய் பாபிக்குத் தனியா அஞ்சு நிமிஷம். வாரம் 10 பவுண்டை வேண்டாம்னு சொன்ன கிரே தம்பதி பேர் ஒரு தடவைகூட வரலை.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். வழியெல்லாம் வழுக்குற கல் பாதை, நல்ல ஷூ போட்டுக்குங்க. சின்னப் பசங்களை ராத்திரி நடைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, பகல்லயே கிரேஃபிரையர்ஸைச் சுத்திக் காட்டுங்க. கைடு கதை சொன்னதும், கதையில செத்தவர் பேர் என்னன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நல்ல கைடா இருந்தா அங்கேயிருந்துதான் நிஜக் கதையே ஆரம்பிக்கும்.

கப்பலில் மூழ்கினவங்களுக்கு ஆர்க்னியில், டியர்னஸ் கடலோரத்துல 1888ல் ஒரு நினைவுத் தூண் எழுப்பியிருக்காங்க. எடின்பரோவிலேர்ந்து ரொம்ப தூரம், நடுவுல கடல் வேற. அடுத்த பயணம் அங்கேதான்னு தங்கமணிகிட்ட மெதுவா சொல்லி வச்சிருக்கேன். இன்னும் பதில் வரலை.